எலியைத் தொடாமல் முதுகலை ஆய்வை முடிக்க முடியுமா?

டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார். வயது 24. உயிர்வேதியியலில் முதுகலை ஆய்வு செய்கிறார். படிப்பு முழுவதும் உதவித்தொகையில் ஓடுகிறது. சர்க்கரை நோய்க்கு ஆயா (பாட்டி) கொடுத்துவந்த முருங்கைக்கீரையைத்தான் ஆய்வுப் பொருளாக எடுத்திருக்கிறார். மேற்பார்வையாளர் வகுத்த திட்டம் இது: 40 ஆண் எலிகள், குழுவுக்கு 8 வீதம் 5 குழுக்கள், ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்டுச் சர்க்கரை நோய் உண்டாக்குதல், 28 நாள் இலைச்சாறு கொடுத்தல், கடைசியில் மயக்கிக் கொன்று கணையத்தையும் கல்லீரலையும் எடுத்துப் பார்த்தல். நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பம் எழுதியாகிவிட்டது, இன்னும் அனுப்பவில்லை.

இவர் வீட்டில் புரட்டாசிக்கு மட்டுமல்லாமல் ஆண்டு முழுவதும் சைவம். "எலி இல்லாமல் எந்த இதழும் போடாது, எந்தத் தேர்வாளரும் ஏற்கமாட்டார்" என்கிறார் மேற்பார்வையாளர். "பேசாமல் முடித்துவிட்டு வா" என்கிறார் அப்பா. விலங்குக் கூடத்தில் படம் பிடித்து வெளியே கொடுக்கச் சொல்கிறார் ஒரு தோழி. மாற்று முறை இருக்கும்போது விலங்கைப் பயன்படுத்துவது இங்கே சட்டப்படி குற்றம் என்றும், அமெரிக்காவும் ஐரோப்பாவும் விலங்குச் சோதனையை ஒழித்துவிட்டன என்றும், செல் வளர்ப்பில் விலங்குக்கு இடமே இல்லை என்றும் இவர் நினைக்கிறார். மறுக்க உரிமை உண்டா, மறுத்தால் பட்டம் போய்விடுமா, எலிக்குப் பதிலாக எதைச் செய்வது என்று கேட்கிறார். கடைசியில் தயங்கித் தயங்கி ஒன்று கேட்கிறார்: வேறு ஆய்வில் ஏற்கெனவே கொல்லப்பட்ட எலியின் திசுவைப் பயன்படுத்தலாமா?

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் தயக்கத்துக்காகக் கடிதம் முழுக்க மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். அதற்குத் தேவையே இல்லை. விலங்கைத் தவிர்க்க முடிந்தால் தவிர். முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறை. அதற்கும் மேல் வலியைக் குறை என்ற மூன்று நெறிகளை ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-லேயே எழுதிவைத்தார்கள். அன்றிலிருந்து வந்த எல்லா நெறிமுறை விண்ணப்பப் படிவங்களுக்கும் அதுதான் அடித்தளம். நீங்கள் கேட்பது படிவத்தின் முதல் கேள்வியைத்தான்.

ஆனால் தயக்கத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் போகாதீர்கள். "எலி வேண்டாம்" என்றால் அவர் காதில் "ஆய்வு வேண்டாம்" என்றுதான் விழும். எலி இல்லாமல் பதில் காணக்கூடிய, இப்போதைய கேள்வியைவிடக் கூர்மையான ஒரு கேள்வியையும் அதற்கான திட்டத்தையும் எழுதிக் கொண்டுபோங்கள். விண்ணப்பம் இன்னும் குழுவுக்குப் போகவில்லை என்பது உங்களுக்குக் கிடைத்திருக்கும் பெரிய வாய்ப்பு. ஒப்புதல் வந்து எலிகளும் வந்து இறங்கிய பிறகு பேசுவது பல மடங்கு கடினம்.

சட்டம் உங்களுக்கு எவ்வளவு துணை நிற்கும்?

மாற்று முறை இருந்தாலே விலங்கு ஆய்வு குற்றம் என்று தென்னாப்பிரிக்காவில் சட்டப்பிரிவு எதுவும் இல்லை. 1962-ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் கொடுமையைக் குற்றமாக்குகிறது. ஆய்வுக்கு விலங்கைப் பயன்படுத்தும் முறையை எஸ்.ஏ.என்.எஸ். 10386 என்ற தேசியத் தரநிலை வகுக்கிறது. 2008-இல் வெளிவந்து 2021-இல் திருத்தப்பட்டது. ஆய்வைப் பொறுத்து, 1984-ஆம் ஆண்டின் விலங்கு நோய்கள் சட்டத்தின் 20-ஆம் பிரிவுப்படி வேளாண் துறையின் அனுமதியும் வேண்டியிருக்கும். விலங்கு ஆய்வு நெறிமுறைக் குழு தேசிய சுகாதார ஆய்வு நெறிமுறை மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். மாற்று முறையைத் தேடினீர்களா, ஏன் அது போதாது என்று அந்தக் குழு விண்ணப்பதாரரைக் கேட்டே ஆக வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு எலியைக் கேட்பவர் மேல்தான் இருக்கிறது. சட்டத்திலிருந்து உங்களுக்குக் கிடைக்கும் உண்மையான பிடி இதுதான்.

இன்னொரு பிடியும் உண்டு. பல மாணவர்களுக்கு இது தெரிவதில்லை. எலிக்கு ஊசி போடுவது, இரத்தம் எடுப்பது, மயக்குவது எல்லாம் கால்நடை மருத்துவ நடைமுறைகள். 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவ மன்றத்தின் பதிவோ அங்கீகாரமோ இல்லாதவர் அவற்றைச் செய்யக் கூடாது. பயிற்சியும் அங்கீகாரமும் இல்லாத உங்களிடம் "நாளைக்கு நீயே போட்டுவிடு" என்று யாராவது சொன்னால், மனச்சாட்சியைப் பற்றிப் பேசாமலேயே மறுக்கலாம்.

மனச்சாட்சி உரிமைக்கு வருவோம். அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு மனச்சாட்சி, மதம், எண்ணம், நம்பிக்கை ஆகியவற்றின் சுதந்திரத்தைக் காக்கிறது. அதே ஆவணத்தின் 16-ஆம் பிரிவு கல்விச் சுதந்திரத்தையும் அறிவியல் ஆய்வுச் சுதந்திரத்தையும் காக்கிறது. உங்கள் மேற்பார்வையாளர் அதைச் சுட்டுவார். இரண்டுமே 36-ஆம் பிரிவின் வரம்புக்கு உட்பட்டவை. பாடத்திட்டத்தில் எல்லோருக்கும் கட்டாயமான ஒரு விலங்குப் பயிற்சியை மறுக்கும் மாணவரின் வாதம் வலுவானது. ஓர் ஆய்வுத் திட்டத்தைத் தெரிந்தே ஏற்றுச் சேர்ந்துவிட்டுப் பிறகு மறுப்பவரின் வாதம் அவ்வளவு வலுவாக நிற்காது. அதனால் 15-ஆம் பிரிவை முதல் கடிதத்தில் எழுத வேண்டாம். அதை எழுதிய நாள் முதல் மற்றவர்கள் உங்களிடம் சட்ட அலுவலர் வழியாகத்தான் பேசுவார்கள்.

வெளிநாட்டுச் செய்திகளை நீங்கள் பாதிதான் படித்திருக்கிறீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2013 மார்ச்சில் முழுமையாக்கிய தடை அழகுசாதனப் பொருட்களுக்கு மட்டுமே உரியது. அமெரிக்காவில் 2022 டிசம்பரில் கையெழுத்தான சட்டம், மனிதர்களிடம் மருந்தைச் சோதிக்கும் முன் விலங்குச் சோதனை நடந்திருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கியது. விலங்குச் சோதனையைத் தடைசெய்யவில்லை. மேற்பார்வையாளர் முன் "ஒழித்துவிட்டார்கள்" என்று சொன்னீர்களானால், அந்த ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்.

அதேபோல், "விதிமுறைப்படி எலி வேண்டும்" என்று அவர் சொன்னால் அதுவும் இங்கே பொருந்தாது. விதிமுறை என்பது மருந்தைப் பதிவு செய்பவருக்கு. நீங்கள் எழுதுவது முதுகலை ஆய்வேடு. மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்திடம் நீங்கள் எதையும் தாக்கல் செய்யப்போவதில்லை.

அந்த 40 எலிகள் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்?

ஸ்ட்ரெப்டோசோடோசின், கணையத்தின் பீட்டா செல்களுக்குள் குளுட்-2 என்ற கடத்தி வழியாக நுழைந்து அவற்றைக் கொல்கிறது. எலியின் பீட்டா செல்லில் அந்தக் கடத்தி நிறைய இருப்பதால் ஒரே ஊசியில் சர்க்கரை ஏறிவிடும். மனித பீட்டா செல்கள் இந்த நஞ்சைப் பெருமளவு தாங்குகின்றன. அதாவது, அந்த எலிக்கு வருவது இன்சுலின் சுரப்பு அழிந்த நோய். முதல் வகையை ஒத்தது. ஆயாவுக்கும் நம் ஊர்ப் பெரியவர்களில் பெரும்பாலோருக்கும் இருப்பது இரண்டாம் வகை. இன்சுலின் இருந்தும் உடல் அதற்கு இணங்காமை, சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை தாறுமாறாக ஏறுவது ஆகியவை அதன் கூறுகள். முருங்கைக்கீரை உதவுகிறது என்றால் எந்த இடத்தில் உதவுகிறது என்ற கேள்விக்கு அழிந்துபோன கணையத்திடம் பதில் கிடைக்காது.

அளவையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். எலிக்குக் கிலோவுக்கு 250 மில்லிகிராம் சாறு என்று வைத்துக்கொண்டால், உடற்பரப்பு முறையில் மனித அளவுக்கு மாற்ற 6.2-ஆல் வகுக்க வேண்டும். கிலோவுக்கு ஏறத்தாழ 40 மில்லிகிராம் வரும். 70 கிலோ ஆளுக்கு 2.8 கிராம் உலர் சாறு. 10 கிராம் காய்ந்த இலையிலிருந்து 1 கிராம் சாறு கிடைக்கும் என்றால், நாளுக்கு 28 கிராம் காய்ந்த இலை. பச்சைக் கீரையாக 100 கிராமுக்கும் மேல், தினமும், 28 நாள். இந்தக் கணக்கை மேற்பார்வையாளர் முன் வையுங்கள். அவரும் உயிர்வேதியியலாளர்தான், எண்களை மதிப்பார்.

ஆனால் உங்கள் பக்கத்து வாதத்துக்கும் எல்லை உண்டு. செல் சோதனை எதுவும் "முருங்கை இரத்தச் சர்க்கரையைக் குறைக்கிறது" என்று நிரூபிக்காது. தோல் எரிச்சலுக்கு ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் 439-ஆம் வழிகாட்டி போன்ற ஏற்கப்பட்ட மாற்றுச் சோதனைகள் உண்டு. மனிதத் தோல் செல்களால் வளர்த்த திசுவில் பொருளைத் தடவி, உயிர்ப்பு 50 விழுக்காடோ அதற்குக் குறைவோ என்றால் எரிச்சலூட்டி என்று முடிவு செய்கிறார்கள். கேள்வி சின்னது, விடை தெளிவானது. அதனால் முன்பு இச்சோதனைக்குப் பயன்பட்ட முயலின் இடத்தை அந்தத் திசு எடுத்துக்கொள்ள முடிந்தது. கல்லீரல், தசை, குடல், கணையம், மூளை எல்லாம் சேர்ந்து நடத்தும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கு அப்படி ஒரு கிண்ணம் இன்னும் இல்லை. உங்கள் ஆய்வேட்டின் தலைப்பிலிருந்து "சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்" என்ற சொற்களை எடுத்துவிட வேண்டும். "செரித்த முருங்கை இலை, மாவுச்சத்துச் செரிமானத்தையும் குளுக்கோஸ் உறிஞ்சுதலையும் எவ்வளவு தடுக்கிறது" என்று வைத்தால், அதற்கு எலியே தேவையில்லை.

மேசையில் செய்யக்கூடியது

சாற்றை நேரடியாகச் செல்லில் ஊற்றாதீர்கள். வயிறும் குடலும் செரிக்காத சாறு எந்தச் செல்லையும் எட்டுவதில்லை. செரிமானத்தைக் குழாயில் நடத்திக்காட்டும் இன்ஃபோஜெஸ்ட் என்ற பொது நெறிமுறை 2014-இல் வந்து 2019-இல் புதுப்பிக்கப்பட்டது. வாய்க் கட்டம் பிஎச் 7-இல் 2 நிமிடம். இரைப்பைக் கட்டம் பிஎச் 3-இல் 2 மணி, பெப்சின் மில்லிலிட்டருக்கு 2000 அலகு. குடல் கட்டம் பிஎச் 7-இல் 2 மணி, டிரிப்சின் செயல்திறன் மில்லிலிட்டருக்கு 100 அலகு வருமாறு பான்கிரியாட்டின், 10 மில்லிமோலார் பித்தம். எல்லாம் 37 பாகையில். நொதிகளின் செயல்திறனைப் புட்டியின் மேல்தாளை நம்பி எடுக்காமல் உங்கள் மேசையிலேயே அளந்துகொள்ளுங்கள். பழைய பெப்சின் பாதி செத்திருக்கும். கீரையே போடாத ஒரு வெற்றுச் செரிமானமும் ஒவ்வொரு தடவையும் ஓட வேண்டும். அது இல்லாமல் கீரையின் விளைவையும் பித்தத்தின் விளைவையும் பிரிக்க முடியாது.

அடுத்தது, மாவுச்சத்தைக் குளுக்கோஸாக உடைக்கும் குடல் நொதியான ஆல்ஃபா குளுக்கோசிடேஸின் தடுப்பு. இங்கேதான் மூலிகை ஆய்வுகளில் பெரும்பாலானவை சறுக்குகின்றன. மலிவாகக் கிடைக்கிறது என்று ஈஸ்ட் நொதியை வாங்குவார்கள். அகார்போஸ் என்ற மருந்தை ஒப்பீட்டுக்கு வைப்பார்கள். "எங்கள் சாறு அகார்போஸைவிடப் பல மடங்கு வலுவானது" என்று எழுதிவிடுவார்கள். ஈஸ்ட் நொதியை அகார்போஸ் மிகக் குறைவாகத்தான் தடுக்கும். பாலூட்டிக் குடலின் சுக்ரேஸைத்தான் வலுவாகத் தடுக்கும். ஒப்பீடே பொய்யாகிவிடுகிறது. நீங்கள் காகோ-2 என்ற மனிதக் குடல் செல்வரிசையின் மேற்பரப்பு நொதியைப் பயன்படுத்துங்கள். சுக்ரோஸும் மால்டோஸும் கொடுத்து, வெளிவரும் குளுக்கோஸை அளவிடுங்கள். கீரையிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் எந்தப் புரதத்தையும் பிடித்து இறக்கும். அது தடுப்பு மாதிரியே தெரியும். டானினை நீக்கிய சாற்றை இணையாக ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டிலும் தடுப்பு ஒரே அளவில் இருந்தால் நம்பலாம்.

பிறகு காகோ-2 செல்களைத் துளைத்தட்டுச் செருகியில் 21 நாள் வளர்த்தால் குடல் சுவர் போன்ற ஓர் அடுக்கு உருவாகும். மேலே குளுக்கோஸும் செரித்த கீரையும், கீழே எவ்வளவு குளுக்கோஸ் இறங்குகிறது என்ற அளவீடு. பித்தமும் கணைய நொதியும் அடுக்கையே அரித்துவிடும் என்பதால் செரித்த திரவத்தை நீர்க்கச் செய்தே போட வேண்டும். எந்த நீர்ப்பில் செல் பிழைக்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் மின்தடையை அளக்க வேண்டும். தடை விழுந்திருந்தால் அடுக்கு கிழிந்திருக்கிறது. அந்தத் தட்டின் எண்களைத் தூக்கி எறியுங்கள்.

உயிர்ப்பு சோதனைக்கு எல்லோரும் எம்டிடி-யைத்தான் எடுப்பார்கள்; உயிருள்ள செல் ஊதாவாக மாற்றும் சாயம் அது. முருங்கையில் குவெர்செட்டின், குளோரோஜெனிக் அமிலம் போன்றவை இருக்கின்றன. இவை செல்லே இல்லாமலும் எம்டிடி-யை ஊதாவாக்கும். செத்த செல்லும் உயிரோடு இருப்பதாகக் கணக்கு வரும். செல் இல்லாத குழியில் சாறும் எம்டிடி-யும் மட்டும் போட்டு 3 மணி வைத்துப் பாருங்கள். ஊதா வந்தால், சாற்றை எடுத்து உப்புக் கரைசலால் இரண்டு தடவை கழுவிய பிறகே எம்டிடி ஊற்ற வேண்டும். அல்லது நியூட்ரல் ரெட் என்ற வேறு சாயத்துக்கு மாறிவிடுங்கள். தட்டின் ஓரக் குழிகளில் நீர் வற்றும். அங்கே மாதிரி வைக்காமல் உப்புக் கரைசலை நிரப்புங்கள். கரைப்பானாக டிஎம்எஸ்ஓ எடுத்தால் எல்லாக் குழியிலும் ஒரே அளவில், 0.5 விழுக்காட்டுக்கு மேல் போகாமல் வையுங்கள். மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல்தான் விளைவு தெரிகிறது என்றால் அதை விளைவாகவே எழுத வேண்டாம். ஒரே நாளில் மூன்று குழி என்பது மூன்று சோதனை ஆகாது. வெவ்வேறு நாளில், வெவ்வேறு தலைமுறைச் செல்லில் மூன்று தடவை செய்ய வேண்டும். தேர்வாளர் இதைத்தான் முதலில் கேட்பார்.

தசைச் செல்லில் குளுக்கோஸ் ஏற்பையும் சேர்க்க விரும்பினால் எல்-6 செல்வரிசை நன்று. சி2சி12 என்ற இன்னொரு தசைச் செல்வரிசை இன்சுலினுக்குச் சரியாக அசையாது. ஒளிரும் குளுக்கோஸ் ஒத்தான 2-என்பிடிஜி-யின் நம்பகம் சில செல்களில் கேள்விக்குள்ளாகியிருக்கிறது. கீரைச் சாறும் அதன் ஒளியை மறைக்கும். டிஆக்ஸிகுளுக்கோஸ் முறைக்குப் போங்கள். குளுக்கோஸ் நுழைவைத் தடுக்கும் சைட்டோகலாசின்-பி போட்ட கட்டுப்பாட்டுக் குழியும் இன்சுலின் போட்ட குழியும் கட்டாயம். மனித பீட்டா செல்வரிசையான எண்டோசி-பீட்டாஹெச்1-ஐயும் பலர் சொல்வார்கள். உரிமம் வேண்டும், மிக மெதுவாக வளரும். முதுகலைக் காலத்துக்கு அது ஒத்துவராது.

கிண்ணத்துக்குள்ளும் விலங்கு இருக்கிறது

இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. பாதி வழியில் தெரிந்தால் மனம் உடைந்துவிடும். செல் வளர்ப்பு ஊடகத்தில் வழக்கமாக 10 விழுக்காடு கன்றுக் கருவின் சீரம் சேர்ப்பார்கள். சினைப்பசுவை அறுக்கும்போது கருவின் இதயத்திலிருந்து எடுக்கும் இரத்தம் அது. செல்லைத் தட்டிலிருந்து பிரிக்கும் டிரிப்சின் பன்றியுடையது. இன்ஃபோஜெஸ்டின் பெப்சினும் பான்கிரியாட்டினும் பன்றியிலிருந்து வருபவை, பித்தமும் விலங்கினுடையதுதான். எல்-6 எலியிலிருந்து பல பத்தாண்டுகளுக்கு முன் பிறந்த வரிசை. இன்று அதற்காக எந்த எலியும் சாவதில்லை.

சீரத்துக்கு மாற்று உண்டு. காலாவதியான இரத்தத் தட்டணுக்களிலிருந்து தயாரிக்கும் மனிதத் தட்டணுச் சிதைவு 5 விழுக்காடு போதும். ஃபைப்ரினோஜன் நீக்கிய வகையைக் கேட்டு வாங்குங்கள்; நீக்காததை வாங்கினால் ஊடகம் உறையாமலிருக்க ஹெப்பாரின் சேர்க்க வேண்டும், அதுவும் பன்றிக் குடலிலிருந்துதான் வருகிறது. ஒரே நாளில் மாற்றினால் செல் சுருண்டு செத்துவிடும். முக்கால் பழையது கால் புதியது, பாதிக்குப் பாதி, கால் பழையது முக்கால் புதியது, முழுதும் புதியது என்று ஒவ்வொரு பிரிப்புக்கும் ஒரு படியாக இறக்குங்கள். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் செல்லை உறையவைத்துக்கொள்ளுங்கள். டிரிப்சினுக்குப் பதில், விலங்கிலிருந்து எடுக்காமல் நுண்ணுயிரில் தயாரிக்கும் மறுசேர்க்கை நொதி கிடைக்கிறது. செரிமான நொதிகளுக்கு மட்டும் இப்போதைக்கு வழி குறைவு. அதை ஏற்பதா வேண்டாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எதை ஏற்றாலும் ஆய்வேட்டில் பெயர் சொல்லி எழுதுங்கள்.

ஜீப்ராஃபிஷ் என்ற சிறு மீனின் கருவையோ கோழிமுட்டைச் சவ்வையோ சிலர் பரிந்துரைப்பார்கள்; "அது விலங்கே இல்லை, அனுமதி வேண்டாம்" என்றும் சொல்வார்கள். இந்நாட்டு வரையறையில் முதுகெலும்புள்ளவற்றின் முட்டைகளும் கருக்களும் அடங்கும். குழுவிடம் கேட்காமல் தொடங்காதீர்கள்.

மனிதரிடமே கேட்கலாமே

மேற்பார்வையாளருக்குக் கண்டிப்பாக ஓர் உயிருள்ள உடல் வேண்டும் என்றால், எலியைவிடப் பொருத்தமான உடல் இருக்கிறது. முருங்கை நாம் வழக்கமாகச் சாப்பிடும் கீரை. சாப்பாட்டின் சர்க்கரை ஏற்றத்தை அளப்பதற்கு ஐஎஸ்ஓ 26642 என்ற 2010-ஆம் ஆண்டுத் தரநிலை இருக்கிறது. நலமுள்ள குறைந்தது 10 பேர், இரவு முழுவதும் வெறும் வயிறு, 50 கிராம் செரிக்கக்கூடிய மாவுச்சத்துள்ள உணவு. விரல் நுனி இரத்தம் 0, 15, 30, 45, 60, 90, 120 நிமிடங்களில். ஒரு காலையில் வெறும் சோறு, வேறொரு காலையில் அதே சோற்றோடு கீரை. 65 கிராம் பச்சரிசியில் ஏறத்தாழ அந்த மாவுச்சத்து கிடைக்கும். பாப் (மக்காச்சோள மாவுக் கஞ்சி) வைத்தும் செய்யலாம், ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே வையுங்கள். சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களையும் கர்ப்பிணிகளையும் சேர்க்கக் கூடாது.

இதற்கு மனித ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். கீரையை உணவாகக் கொடுக்கும் வரை பாதை எளிது. மாத்திரை உறையில் அடைத்து நோயாளிக்கு மருந்தென்று கொடுத்தால் அது மருந்துச் சோதனை. சுகாதாரப் பொருட்கள் ஒழுங்குமுறை ஆணையத்தின் அனுமதி தேவைப்படும். முதுகலையில் அந்த வழிக்குப் போக வேண்டாம். ஆயாவையும் வீட்டுக்காரர்களையும் பங்கேற்பாளராக்காதீர்கள்; உங்கள்மேல் உள்ள பாசத்தால் சம்மதிப்பவரின் சம்மதம் முழுச் சம்மதமாகாது.

மேற்பார்வையாளரிடம் போகும் விதம்

இரண்டு பக்கம் எழுதுங்கள், அதற்கு மேல் வேண்டாம். முதல் பக்கத்தில் மாற்றிய கேள்வி, நான்கு சோதனைகள், மாத வாரியான அட்டவணை. இரண்டாம் பக்கத்தில் மேலே சொன்ன 250 மில்லிகிராம் கணக்கும் ஸ்ட்ரெப்டோசோடோசின் பற்றிய மூன்று வரியும், எந்தக் கருவி எந்த ஆய்வகத்தில் இருக்கிறது என்ற பட்டியலும். காகோ-2 வளர்க்கும் ஆய்வகம் உங்கள் துறையில் இல்லையென்றால், வைத்திருப்பவரிடம் இணை மேற்பார்வை பற்றி முன்கூட்டியே வாய்மொழியாகக் கேட்டுவிட்டுப் போங்கள். மனச்சாட்சியைப் பற்றிக் கடைசியில் ஒரே வாக்கியம்: "என் நம்பிக்கைப்படி விலங்கைக் கொல்லும் பணியை என்னால் செய்ய இயலாது, அதனால்தான் இத்திட்டத்தை முன்வைக்கிறேன்." அதை எழுத்தில் வைப்பது முக்கியம், பின்னால் கேள்வி வந்தால் தேதியோடு சான்று இருக்கும்.

விண்ணப்பத்தில் "மாற்று முறைகள் உண்டா" என்ற கட்டத்தில் "இல்லை" என்று மட்டும் எழுதியிருந்தால், அதை நிரப்பித் தர முன்வாருங்கள். எந்தத் தரவுத்தளத்தில், எந்தத் தேதியில், எந்தச் சொற்களால் தேடினீர்கள், எத்தனை கட்டுரை வந்தது, எவற்றை ஏன் விட்டீர்கள் என்று முழுமையாக எழுதினால் அந்தக் கட்டமே உங்களுக்காகப் பேசும். உங்களுக்குப் பின் வரும் மாணவர்களும் அதைப் பார்த்து நிரப்புவார்கள். ஒரு துறையில் மாற்று முறை வேரூன்றுவது பெரும்பாலும் இப்படித்தான்.

அவர் மறுத்தால் துறையின் முதுகலைப் பொறுப்பாளரிடம் தலைப்பு மாற்றத்தைப் பற்றிக் கேளுங்கள். அதற்கு முன் உதவித்தொகை ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள்: பணம் உங்கள் பெயரிலா, அவருடைய ஆய்வு மானியத்திலிருந்தா? உங்கள் பெயரில் என்றால் தலைப்பு மாறினாலும் அது தொடர வாய்ப்பு அதிகம். மாற்றத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவருடைய மானியத்திலிருந்து என்றால் உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது. வேறு மேற்பார்வையாளரும் பணமும் உறுதியாகும் வரை பழையதை விடாதீர்கள். அப்பா பயப்படுவது இதற்குத்தான். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. அவரையும் உட்காரவைத்து ஒப்பந்தத்தைக் காட்டுங்கள்.

"எந்த இதழும் போடாது" என்பது மிகைதான். ஆனாலும் கட்டுரையைப் படிக்கும் மதிப்பீட்டாளர்களில் சிலர் "எலியில் உறுதி செய்க" என்று பழக்கத்தில் எழுதுவார்கள். அப்போது புதிதாக எலி வாங்கத் தேவையில்லை. கட்டுரையின் கோரிக்கை செரிமானத்தோடு நின்றுவிடுகிறது, எலி அதற்கு எதையும் கூட்டாது என்று காரணத்தோடு பதில் எழுதலாம்.

எல்லா முயற்சியும் தோற்று, எலி ஆய்வு உங்கள் கையை மீறி நடந்தே தீரும் என்றால், அந்த எலிகளுக்காகக் கேட்கக்கூடியவை உண்டு. குழுவுக்கு 8 என்பது வழக்கமா, புள்ளியியல் கணக்கா என்று கேளுங்கள். ஊசிக்குப் பின் பீட்டா செல் உடைந்து இன்சுலின் ஒரேயடியாகக் கொட்டும். முதல் இரவு சர்க்கரைத் தண்ணீர் வைக்காவிட்டால் சில எலிகள் தாழ்சர்க்கரையில் சாகும். பிறகு சிறுநீர் பெருகும். படுக்கைத் தூளை அடிக்கடி மாற்ற வேண்டும். எவ்வளவு எடை இழந்தால் ஆய்விலிருந்து எடுத்துவிட வேண்டும் என்ற எல்லையை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.

படம் பிடிப்பது பற்றி

தோழி சொன்னதைச் செய்யாதீர்கள். ஒப்புதல் பெற்ற ஓர் ஆய்வு உங்களுக்கு வேதனை தருவது வேறு, ஒப்புதலை மீறிக் கொடுமை நடப்பது வேறு. மீறலைக் கண்டால் தேதி, நேரம், கூண்டு எண், பார்த்தது ஆகியவற்றை அன்றே எழுதிவைத்து, கூடத்தின் கால்நடை மருத்துவரிடமும் நெறிமுறைக் குழுத் தலைவரிடமும் எழுத்தில் கொடுங்கள். அவர்கள் அசையாவிட்டால் விலங்குவதைத் தடுப்புச் சங்கமான எஸ்பிசிஏ-யின் ஆய்வாளரிடம் போகலாம். சட்டப்படி விசாரிக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. 2000-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட தகவல் வெளிப்பாட்டுச் சட்டம் ஊழியரையும் தொழிலாளரையும் காக்க எழுதப்பட்டது. உதவித்தொகை மட்டும் பெறும் மாணவர் அதன் நிழலில் நிற்க முடியும் என்று நம்பி இறங்க வேண்டாம். செய்முறை வகுப்பு எடுக்க உங்களுக்குச் சம்பளம் வருகிறது என்றால் நிலைமை மாறலாம், அதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கேளுங்கள். திருட்டுத்தனமாக எடுத்த படம் உங்கள் பட்டத்தைப் பறிக்கும். அந்தக் கூண்டில் இருக்கும் எலிக்கும் அதனால் பயன் வருவது அரிது.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். வேறு ஆய்வில் கட்டுப்பாட்டுக் குழுவாக இருந்து, அந்த ஆய்வுக்காகவே கொல்லப்படும் எலியின் கல்லீரலும் குடலும் பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகின்றன. அவற்றைப் பெற்றுப் பயன்படுத்துவதால் கூடுதலாக ஓர் எலியும் சாகாது; குறைத்தல் நெறியின் கீழ் குழுக்கள் இதை வரவேற்கும். திசுப் பயன்பாட்டுக்கென்று தனியாக ஒரு சிறு விண்ணப்பம் கொடுக்க வேண்டியிருக்கும். கூட மேலாளரிடம் கொல்லும் நாட்களின் அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். உயிருள்ள திசு வேண்டுமென்றால் பனிக்கட்டியில் வைத்த கரைசலோடு கதவருகே காத்திருந்து, எடுத்த சில நிமிடங்களுக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும். நொதியை மட்டும் பிரிக்கப்போகிறீர்கள் என்றால் திரவ நைட்ரஜனில் உறையவைத்து மைனஸ் 80 பாகையில் சேமிக்கலாம். உங்களுக்காக எண்ணிக்கையைக் கூட்டி வாங்குகிறார்களா என்பதை மட்டும் எழுத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கூட்டினார்கள் என்று தெரிந்தால், அந்தத் திசுவை வாங்காதீர்கள்.